செத்தவன் எப்படிக் கிழவனானான்? வேலூர்க் குழு ஒன்றில் எழுந்த தர்க்க வழக்கு

பதிவின் நோக்கம்

அறிவியல் புனைவுத் தொடர் ஒன்றை வாரந்தோறும் பார்த்து விவாதித்து வந்த ஒரு சிறு குழு, ‘இந்த இடத்தில் லாஜிக் இடிக்கிறது’ என்ற ஒரே குற்றச்சாட்டால் ஏறத்தாழக் கலைந்துபோகும் நிலைக்கு வந்து, பிறகு ஒருவாறு மீண்டதை இங்கே நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். குழுவை ஒருங்கிணைத்தவன் நான்தான். நடந்த பிழைகளில் பெரியது என்னுடையது என்பதால், அதை மறைக்காமல் எழுதுவதே இந்தப் பதிவுக்கு நியாயம் என்று கருதுகிறேன். உறுப்பினர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். விவாதிக்கப்பட்ட தொடர் ‘டார்க்’ என்ற ஜெர்மானியத் தொடர். அதன் இறுதி எபிசோடு வரையிலான திருப்பங்கள் இதில் பேசப்படுவதால், பார்க்க எண்ணியிருப்பவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

பின்னணி

சத்துவாச்சாரியில் ஓர் அச்சகத்தின் மாடியறையில் ஞாயிறு மாலை 4 மணிக்குக் கூடுவோம். அப்போது 11 பேர் இருந்தோம். மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், பொறியியல் படிக்கும் இரண்டு மாணவர்கள், குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து வரும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், காட்பாடியில் குடியிருக்கும் ரயில்வே ஓய்வூதியர், ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா, பேரணாம்பட்டில் தோல் பதனிடும் டேனரியில் 30 ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஆகியோர் இந்தப் பதிவில் வருவார்கள். அந்தப் பெரியவரை எல்லாரும் ‘பாய்’ என்றே அழைப்போம். மாணவர்கள் மட்டும் ‘தாத்தா’ என்பார்கள்.

தொடரைப் பற்றிச் சில சொற்கள் தேவைப்படுகின்றன. விண்டன் என்ற கற்பனையான ஜெர்மானியச் சிற்றூரில், அணுமின் நிலையத்துக்கு அருகிலுள்ள ஒரு குகைவழி காலங்களை இணைக்கிறது. 2019 இல் காணாமற்போகும் மிக்கேல் என்ற சிறுவன் 1986 இல் போய்ச் சிக்கிக்கொண்டு, அங்கேயே வளர்ந்து, மணம் புரிந்து, யோனாஸ் என்ற பையனுக்குத் தந்தையாகிறான். அந்த யோனாஸ்தான் கதையின் நாயகன். இளைஞனான யோனாஸ், நடுவயது யோனாஸ், ஆடம் என்ற பெயரில் உலவும் கிழ யோனாஸ் என மூவரும் ஒரே கதையில் நடமாடுகிறார்கள். 2017 டிசம்பர், 2019 ஜூன், 2020 ஜூன் ஆகிய மாதங்களில் வெளியான 3 சீசன்களில் மொத்தம் 26 எபிசோடுகள். மூன்றாம் சீசன் வெளியான 2020 ஜூன் 27 தான் கதைக்குள் உலகம் அழியும் நாளும்.

வாரத்துக்கு ஓர் எபிசோடு என்று பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கினோம். எங்களுக்குள் எழுதப்பட்ட விதி ஒன்றே ஒன்றுதான்: முன்பே முழுவதையும் பார்த்தவர்கள் பின்னால் வருவதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அதற்கு முந்தைய தொடரில் ஒருவர் முடிவைச் சொல்லிவிட்டு மற்றவர்களின் சாபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டதால் அந்த விதி வந்தது. மாணவர்கள் இருவரும் ‘டார்க்’ முழுவதையும் விடுதியில் ஒரே வாரத்தில் பார்த்து முடித்தவர்கள். விதிக்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொண்டே சேர்ந்தார்கள். இந்த விவரம் பின்னால் முக்கியமாகும்.

தொடக்க வாரங்களில் கவனித்தவை

ஐயங்களைக் குறித்துவைக்க ஒரு நீள நோட்டு வைத்திருந்தோம். முதல் ஒரு மாதத்தில் அதில் ஏறிய ஐயங்களை இப்போது புரட்டிப் பார்த்தால், அவற்றில் பாதிக்கும் மேல் கதையின் தர்க்கத்தைப் பற்றியவையே அல்ல என்பது தெரிகிறது. ஆய்வக நண்பர் எழுதியது: ஊர் பேர் தெரியாத, காகிதம் எதுவும் இல்லாத சிறுவனை 1986 இல் மருத்துவமனைச் செவிலி தத்தெடுத்துக்கொள்ளும்போது அரசு எப்படிக் கேள்வி கேட்காமல் விட்டது? இது நியாயமான வியப்புதான். ஆனால் இது கதை தன் விதியை மீறியதைக் காட்டவில்லை. நமக்குத் தெரிந்த அலுவலக நடைமுறையோடு பொருந்தவில்லை என்பதைத்தான் காட்டுகிறது. நம் ஊரில் ஒரு சாதிச் சான்றிதழுக்கு அலைந்தவர்கள் எவரும் அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் செய்வார்கள்.

மாறாக, ‘மிக்கேல் இருக்குமிடம் தெரிந்தபின் அவனை ஏன் 2019 க்குக் கூட்டிவரவில்லை?’ என்ற கேள்வி கதைக்குள்ளேயே நிற்கும் கேள்வி. அதற்குக் கதையே பதிலும் வைத்திருக்கிறது. கூட்டிவந்தால் யோனாஸ் பிறக்கமாட்டான். இந்த இரண்டு வகைக் கேள்விகளையும் நாங்கள் ஒரே பக்கத்தில், ஒரே எண்வரிசையில் எழுதிவந்தோம். அப்போது அது பெரிதாகத் தோன்றவில்லை.

இரண்டாம் சீசனின் முடிவில் தையற்கடை அம்மா எழுப்பிய கேள்வி மூன்றாவது வகை. தொடரில் சார்லட் என்பவள் எலிசபெத்தின் தாய். அந்த எலிசபெத்தே காலத்தில் பின்னோக்கிய வழியில் சார்லட்டைப் பெற்றவளும் ஆகிறாள். “பெத்தவளுக்குப் பெத்தவளே மகள்னா, முறை வெச்சி எப்படிக் கூப்பிடறது?” என்று அவர் கேட்டபோது அறையே சிரித்தது. அது தர்க்கப் பிழையைச் சுட்டும் கேள்வி அல்ல. அந்த வளையத்தில் எந்த முரணும் இல்லை, தொடக்கம் மட்டும்தான் இல்லை. ஆனாலும் வரன் பார்த்து, முறை பார்த்துப் பழகிய அந்த அறிவுதான் எங்களில் யாருக்கும் வராத துல்லியத்தோடு நான்கு குடும்பங்களின் வம்சக் கொடியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்து வைத்தது. அதன் பிறகு யார் யாருக்கு என்ன உறவு என்ற சந்தேகம் வந்தால் மாணவர்களே அவரிடம்தான் கேட்டார்கள்.

33 ஆண்டுக் கணக்கு

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். பிற்பாடு நடந்த சண்டையை விட இந்தச் சிறு நிகழ்வே எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

கதையில் எல்லாம் 33 ஆண்டு இடைவெளியில் நடக்கிறது: 1953, 1986, 2019. சூரியனின் சுழற்சியும் சந்திரனின் சுழற்சியும் 33 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றாக வந்து சேர்வதாகத் தொடர் காரணம் சொல்கிறது. கணித ஆசிரியர் இதை முதல் சீசனிலேயே பிழை என்று குறித்தார். அவருடைய வாதம் பலமானது. சூரியனும் சந்திரனும் கணக்கில் ஒத்துவருவது 19 ஆண்டுக்கு ஒருமுறை. 235 சந்திர மாதங்களும் 19 சூரிய ஆண்டுகளும் சுமார் 2 மணி நேர வித்தியாசத்துக்குள் சமமாகிவிடும். சந்திர மாதத்தைப் பின்பற்றும் தெலுங்கர் பஞ்சாங்கத்தில் 19 ஆண்டுக்கு 7 அதிக மாதம் சேர்ப்பது அதனால்தான். சித்தூர்ப் பக்கம் பெண் கொடுத்து எடுத்த குடும்பங்கள் நிறைந்த நம் பகுதியில் இது பலருக்கும் தெரிந்ததே. ஆகவே 33 என்பது பயமுறுத்துவதற்காகப் போட்ட எண் என்று அவர் முடித்தார். நாங்களும் தலையாட்டினோம்.

பாய் அன்று வழக்கம்போல் கடைசிவரை பேசாமல் இருந்தார். கலையும் நேரத்தில், “33 சரியாத்தான் இருக்கு சார்” என்றார். 1986 இல் ரம்ஜான் மே மாதத்தில் தொடங்கியது. அக்னி நட்சத்திர வெயிலில் டேனரியில் நின்றுகொண்டு, நா வறண்டு, நோன்பு பிடித்தது அவருக்கு நினைவிருக்கிறது. பிறகு ரம்ஜான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து, குளிர்காலம், மழைக்காலம் எல்லாம் சுற்றி, 2019 இல் மறுபடியும் மே மாதத்துக்கே வந்து சேர்ந்தது. 1953 இலும் அப்படித்தான் என்று அவருடைய அத்தா சொல்லக் கேட்டிருக்கிறார்.

ஆசிரியர் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டார். அதிக மாதம் சேர்க்காத சந்திர ஆண்டுக்கு சுமார் 354.37 நாள். அப்படி 34 ஆண்டுக்கு ஏறத்தாழ 12,048 நாள். 33 சூரிய ஆண்டுக்கு 12,053 நாள். வித்தியாசம் நான்கரை நாள்தான். சந்திர ஆண்டு முழு ஆண்டாகவே ஒரு சுற்றுச் சுற்றி வந்து சூரிய ஆண்டோடு சேர 33 ஆண்டு ஆகிறது. ஆசிரியர் சொன்ன 19 உம் சரி, தொடர் சொன்ன 33 உம் ஏறக்குறையச் சரி. இரண்டும் இரண்டு வேறு கேள்விகளுக்கான பதில்கள். அந்தக் குறிப்பை ஆசிரியரே தன் கையால் நோட்டில் அடித்துவிட்டு, அருகில் ‘பாய் சொன்னது’ என்று எழுதினார்.

இதிலிருந்து நாங்கள் ஒரு நடைமுறையை அன்றே உருவாக்கியிருக்க வேண்டும்: ‘பிழை’ என்ற சொல்லை எழுதுவதற்கு முன், தொடர் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று பார்ப்பது. உருவாக்கவில்லை. பாயின் நினைவாற்றலை வியந்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம்.

மூன்றாம் சீசன்: வழக்கு எழுந்தது

இரண்டாம் சீசனின் இறுதியில், அழிவு நாளன்று, இன்னோர் உலகத்திலிருந்து வந்த மார்த்தா என்ற பெண் இளைஞன் யோனாஸைத் தன் உலகத்துக்கு அழைத்துப் போகிறாள். மூன்றாம் சீசனின் நடுப்பகுதியில், அந்த மற்ற உலகத்தில், அதே மார்த்தாவின் சற்று மூத்த வடிவம் அவனைச் சுட்டுவிடுகிறது. யோனாஸ் இறந்துபோகிறான்.

ஜூன் மாதத்து ஞாயிறு அது. மின்விசிறிக்குக் கீழேயும் வியர்த்துக்கொண்டிருந்தது. ஆய்வக நண்பர் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டார்: “செத்தவன் எப்படிக் கிழவனாவான்?” நடுவயது யோனாஸையும் ஆடத்தையும் இரண்டு சீசன்களாகப் பார்த்துவருகிறோம். அவர்கள் இருப்பதே இளைஞன் பிழைத்து வளர்ந்தான் என்பதற்குச் சாட்சி. நடந்ததை மாற்ற முடியாது என்பதைத்தான் தொடர் மறுபடி மறுபடி காட்டிவந்திருக்கிறது. அப்படியானால் இந்தச் சாவு தொடரின் அடித்தளத்தையே உடைக்கிறது. இதில் முந்தைய அரைகுறை ஐயங்களின் சாயல் எதுவும் இல்லை. கதையின் விதியை வைத்தே கதையைக் கேட்ட கேள்வி இது.

மாணவர்களில் மூத்தவர், “பொறுங்கண்ணே, அவசரப்படாதீங்க” என்றார். ஏன் பொறுக்க வேண்டும் என்று கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை, விதி தடுத்தது. இரண்டாம் முறை கேட்டபோதும் “பொறுங்க” என்றுதான் சொன்னார். மூன்றாம் முறை அவருடைய உதட்டோரச் சிரிப்பு எங்கள் எல்லாரையும் சீண்டியது. “எங்களுக்கு மூளை இல்லன்னு சொல்றியா தம்பி?” என்று ஆசிரியர் கேட்டார். தன்னிடம் பதில் இருந்தும் அதைச் சொல்ல வழியில்லாதவனுடைய சங்கடச் சிரிப்பு அது என்று எனக்கு அன்று உறைக்கவில்லை.

வாக்கெடுப்பு

முக்கால் மணி நேரம் ஒரே இடத்தில் சுற்றிய பிறகு நான் ஒரு முடிவெடுத்தேன். இது தர்க்கப் பிழையா, இல்லையா என்று கைதூக்கிச் சொல்லிவிடுங்கள், நோட்டில் பதிந்துவிட்டு அடுத்த எபிசோடுக்குப் போவோம் என்றேன். 7 பேர் பிழை என்றார்கள், 2 பேர் இல்லை என்றார்கள், பாயும் ரயில்வே நண்பரும் கை தூக்கவில்லை. நான் ‘பிழை’ என்று பேனாவால் எழுதினேன்.

எனக்கு அப்போது இருந்த காரணம் எளிமையானது: நேரம் போகிறது, குரல்கள் உயர்கின்றன, ஒரு முடிவு வேண்டும். நாட்டாமை நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குத் தீர்ப்பு சொல்லத்தான் தோன்றும். ஆனால் ஒரு கதை தன்னோடு தான் முரண்படுகிறதா என்பது எத்தனை பேர் அப்படி நினைக்கிறார்கள் என்பதைப் பொறுத்த விஷயம் அல்ல. அதைவிடப் பெரிய குறை, கதை முடிய இன்னும் சில எபிசோடுகள் இருக்கும்போதே, சாட்சி விசாரணை முடிவதற்கு முன் தீர்ப்பு எழுதியது. மாணவர்கள் இருவரும் எழுந்து போனார்கள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே இளையவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “பேசக் கூடாதுன்னும் சொல்றீங்க, பேசலன்னு தோத்துட்டோம்னும் சொல்றீங்க.”

அந்த வாரம் ஆய்வக நண்பரிடம் தனியாகப் பேசினேன். அவர் ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் நெடுங்கால ரசிகர். அங்கிருந்து ஓர் எடுத்துக்காட்டு சொன்னார். 1960களின் தொடரில் கிளிங்கான் என்ற வேற்றுக்கிரக இனத்தாருக்கு நெற்றி சாதாரணமாக இருந்தது. 1979 இல் வந்த திரைப்படத்திலிருந்து எலும்பு மேடு வந்துவிட்டது. ஒப்பனைக்குக் கையில் இருந்த பணமும் வசதியும்தான் காரணம் என்பது பார்ப்பவர் எல்லாருக்கும் தெரியும். 1996 இல் ஓர் எபிசோடில் இதையே கேட்டபோது, ‘வெளியாரிடம் நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை’ என்று ஒரு பாத்திரம் நழுவியது. 2005 இல்தான் கதைக்குள்ளேயே ஒரு கிருமியைக் காரணமாக வைத்து விளக்கினார்கள். “அங்க தப்பு பண்ணிட்டு அப்புறம் ஒட்டுப் போட்டாங்க. இங்கயும் அப்படித்தான் போடப் போறாங்க, நீங்க பாருங்க” என்பது அவர் கட்சி. தொடர்களைப் பல்லாண்டு பார்த்துப் பழகியவருக்கு வரும் நியாயமான சந்தேகம் அது. அதனாலேயே முன்பே திட்டமிட்டு வைத்த மறைவையும் பின்னால் போட்ட ஒட்டையும் வேறுபடுத்த ஒரு வழி வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வழிதான் தெரியவில்லை.

சார்ட்

வழி ரயில்வே நண்பரிடமிருந்து வந்தது. அடுத்த ஞாயிறு அவர் ஒரு பெரிய வரைதாளோடு வந்தார். அவர் கட்டுப்பாட்டு அறையில் பணியாற்றியவர். அந்தக் காலத்தில் கன்ட்ரோல் சார்ட்டைக் கையால் வரைவார்கள். கிடையாக மணி, நெடுவாக நிலையங்கள். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. ஒற்றைப் பாதையில் இரண்டு கோடுகள் நிலையத்தில் அல்லாமல் நடுவழியில் வெட்டிக்கொண்டால் அங்கே ஏதோ தவறு. ஒன்று பென்சில் தவறு, அல்லது இரண்டு வண்டி மோதப் போகிறது.

அதையே யோனாஸுக்கு அவர் மாற்றியமைத்திருந்தார். கிடையாக அந்த ஆள் வாழ்ந்த வயது, நெடுவாக ஆண்டு. சாதாரண மனிதனின் கோடு சீராக ஏறிக்கொண்டே போகும். காலம் தாண்டும்போது மட்டும் கோடு செங்குத்தாக மேலேயோ கீழேயோ பாயும். யோனாஸின் கோடு 2019 இலிருந்து 1986, 2052, 1921 என்று தாவித் தாவிப் போயிருந்தது. தொடரில் கண்ணால் பார்த்த இடங்களை மட்டும் மையால், ஊகித்தவற்றைப் பென்சிலால் என்பது அவர் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. ஒரு பாத்திரம் சொன்ன சொல்லும் பென்சில்தான். இந்தக் கதையில் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்றார்.

சார்ட்டைச் சுவரில் ஒட்டியபோது வழக்கு கண்முன் நின்றது. துப்பாக்கிச் சூட்டில் ஒரு மைக்கோடு முடிகிறது. நடுவயதில் இன்னொரு மைக்கோடு எங்கிருந்தோ தொடங்கி ஆடம் வரை போகிறது. இரண்டுக்கும் இடையில் வெற்றிடம். “தொடர்ல பிழைன்னா இந்த வெற்றிடம் அப்படியே இருக்கும். பிழை இல்லன்னா ஒரே வண்டி ஏதோ ஒரு ஜங்ஷன்ல ரெண்டாப் பிரிஞ்சிருக்கணும்” என்றார். எந்த ஜங்ஷனில் என்பதற்கும் அவரிடம் காரணம் இருந்தது. முதல் இரண்டு சீசன்களில் நடுவயது யோனாஸ் பேசிய பேச்சில் இன்னோர் உலகத்தைக் கண்டதற்கான சாயலே இல்லை. ஆகவே பிரிவு, இளைஞன் அந்த உலகத்துக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்னால் நடந்திருக்க வேண்டும். அழிவு நாளன்று மார்த்தா வந்து நின்றாளே, அந்த அறையில்தான்.

மாணவர்கள் அன்று வரவில்லை. நானும் ஆய்வக நண்பரும் அவர்கள் தங்கியிருந்த இடத்துக்குப் போய், சார்ட்டின் படத்தைக் காட்டினோம், எதுவும் கேட்கவில்லை. மூத்தவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “யார்ணா இதைப் போட்டது?” என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரம் இருவரும் வந்தார்கள்.

மாற்றிய நடைமுறை

இரண்டு மாற்றங்கள் செய்தோம். வாக்கெடுப்பை ரத்து செய்தோம். நோட்டில் ‘பிழை’ என்பதை அடித்து ‘நிலுவை’ என்று எழுதினேன். அதைக் கூட்டத்தின் முன்னால், இது என் தவறு என்று சொல்லிச் செய்தேன். இரண்டாவதாக, மௌன விதியைத் தளர்த்தினோம். முன்பே பார்த்தவர் ‘இதற்கு இன்னும் காட்சி இருக்கிறது’ என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லலாம். அவர் அப்படிச் சொன்னால் அந்த ஐயம் கேள்வியின்றி நிலுவைக்குப் போகும். முழுமையாகவே பேசவிடலாம் என்று ஆசிரியர் வாதிட்டார். ஆனால் ரயில்வே நண்பர் அந்தச் சார்ட்டை யாரும் சொல்லாமல் போட்டார் என்பதுதான் அதன் மதிப்பே. அந்த இன்பத்தை இழக்க யாரும் தயாராக இல்லை.

பின்வந்த எபிசோடுகளில் பதில் வந்தது. மார்த்தா வந்து யோனாஸை அழைத்துப் போனது ஒன்று. அவள் வழியில் தடுக்கப்பட்டு வராமற்போக, யோனாஸ் நிலவறைக்குள் ஓடிப் பிழைத்தது இன்னொன்று. அழிவு நேர்ந்த அந்தக் கணத்தில் இரண்டுமே நடந்திருக்கின்றன. சுடப்பட்டவன் முதலாமவன், கிழவனானவன் இரண்டாமவன். தொடர் இதற்கு 1935 இல் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் முன்வைத்த பூனைச் சோதனையை, பெட்டியைத் திறந்து பார்க்கும்வரை உள்ளே இருக்கும் பூனை உயிரோடும் செத்தும் இருக்கிறது என்னும் அந்தக் கற்பனைச் சோதனையை, துணைக்கு அழைக்கிறது. ரயில்வே நண்பர் எழுந்து போய், பென்சில் கோட்டின் மேல் மையால் இழுத்தார். யாரும் கை தட்டவில்லை. ஆசிரியர் மட்டும், “ஜங்ஷன் சரியா இருக்கு” என்றார்.

ஆய்வக நண்பர் தன் கட்சியை முழுவதும் விடவில்லை. ஒரு முரணுக்கு ‘அந்தக் கணத்தில் இரண்டும் நடந்தது’ என்று பதில் சொல்லலாம் என்றால், எந்த முரணுக்குத்தான் சொல்ல முடியாது என்று கேட்டார். அது நல்ல கேள்வி. அழிவின் அந்த ஒரு கணத்துக்கு மட்டுமே அந்தச் சலுகை என்று தொடர் எல்லை கட்டியிருப்பதை மாணவர்கள் காட்டினார்கள். அவர் பாதி ஒப்புக்கொண்டார்.

இறுதி எபிசோடு

உண்மையான முடிச்சு இங்கே இருந்தது. இதை யாரும் முன்கூட்டிக் குறிக்கவில்லை என்பதே ஒரு பாடம்.

இறுதியில் தெரியவருவது: இரண்டு உலகங்களுக்கும் மூலமாக மூன்றாவது உலகம் ஒன்று இருந்தது. அங்கே கடிகாரக்காரரான டான்ஹவுஸ், கார் விபத்தில் இறந்த மகனையும் அவன் குடும்பத்தையும் மீட்க 1986 இல் இயந்திரம் செய்கிறார். அதன் விளைவாக அவருடைய உலகம் இரண்டாகப் பிளக்கிறது. யோனாஸும் மற்ற உலகத்து மார்த்தாவும் மூல உலகத்துக்குப் போய் அந்த விபத்தைத் தடுக்கிறார்கள். இயந்திரம் செய்யப்படவில்லை, இரண்டு உலகங்களும் மறைகின்றன, அவர்களும் ஒளித்துகளாக மறைகிறார்கள்.

அப்படியானால் விபத்தைத் தடுத்தது யார்? தடுத்தவர்கள் பிறக்கவே இல்லையே. தாத்தாவைக் கொன்ற பேரன் கதைதான் இது: காலத்தில் பின்னே போய்த் தாத்தாவைக் கொன்றால், கொல்லப் போன பேரனே பிறந்திருக்க முடியாது. முதல் இரண்டு சீசன்களும், 1980களில் ரஷ்ய இயற்பியலாளர் இகோர் நோவிகோவ் முன்வைத்த தன்னொத்திசைவுக் கொள்கையின்படி நடக்கின்றன: காலப்பயணி என்ன செய்தாலும் அது ஏற்கெனவே நடந்தவற்றின் பகுதியாகவே அமையும். இறுதி எபிசோடு அதைக் கைவிடுகிறது. மாணவர்கள், இயற்பியலாளர் டேவிட் டாய்ச் 1991 இல் குவாண்டம் அடிப்படையில் எழுதிய மாதிரியைச் சொல்லி, பயணி வந்திறங்குவது வேறொரு கிளையாக, அதாவது இணையான இன்னோர் உலகமாக, இருந்தால் முரண் இல்லை என்றார்கள். ஆசிரியர் மறுத்தார்: வேறொரு கிளை என்றால் பழைய கிளைகள் அப்படியே இருக்க வேண்டும், அவர்கள் மறைந்திருக்கக் கூடாது. மறைவதைக் கண்ணால் பார்த்தோம், அது மை.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். கதை தன் விதியை மாற்றிக்கொள்வது பிழை அல்ல. ஆனால் 25 எபிசோடுகளுக்கு ஒரு விதியும் 26 ஆவதற்கு வேறொரு விதியும் என்றால், அந்த மாற்றத்துக்கான தடயம் முன்னமே கிடந்திருக்க வேண்டும். யோனாஸ் இரண்டான விஷயத்தில் அது கிடந்தது. ஒருவர் அதை வைத்து ஜங்ஷனையே கண்டுபிடித்தார். இறுதி முடிவை அப்படி எங்கள் சார்ட்டிலிருந்து யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. திரௌபதியம்மன் கோயில் பாரதக் கூத்தில் விடிய விடிய உட்கார்ந்திருக்கும் நம் ஊர்ப் பார்வையாளருக்கு முடிவு முன்பே தெரியும்; அங்கே எப்படி அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதில்தான் கணக்கு தீர்க்கப்படும். அந்தக் கண்ணால் பார்த்தால், இந்த முடிவு உருக்கமானது, கணக்கில் சற்றுக் கடன் வைத்தது.

பின் நடந்தது

நோட்டில் யோனாஸ் சாவு பற்றிய ஐயம் ‘தீர்ந்தது’ என்று மூடப்பட்டது. இறுதி எபிசோடு பற்றிய ஐயம் நிலுவையிலேயே இருக்கிறது; அதன் கீழே ஆசிரியரின் கையெழுத்தும் மூத்த மாணவரின் கையெழுத்தும் எதிரெதிராக உள்ளன. குழுவில் இருவர் குறைந்தார்கள். ஒருவர் வேலைமாற்றலாகிப் போனார். மற்றவர் வாக்கெடுப்பு நாளுக்குப் பின் வரவில்லை, நேரில் போய்க் கேட்டபோது, “ஒரு சீரியலுக்கு இவ்ளோ சத்தமா?” என்றார். அவரை நான் திரும்ப அழைத்துவர முடியவில்லை.

மறுமுறை செய்வதானால்

நோட்டில் முதல் நாளிலிருந்தே இரண்டு பத்திகள் வைப்பேன்: கதை தன் விதியை மீறுவதாகத் தோன்றுவது ஒன்று, கதை நம் அனுபவத்தோடு பொருந்தாதது மற்றது. தத்தெடுப்புக் காகிதமும் துப்பாக்கிச் சூடும் ஒரே பத்தியில் கிடந்ததால்தான், எல்லா ஐயங்களையும் ஒரே எரிச்சலோடு அணுகப் பழகினோம். எந்த மொழி ஒலியில், எந்த சப்டைட்டிலோடு பார்த்தோம் என்பதையும் குறித்துவைப்பேன். ஆங்கில டப்பிங்கில் பார்த்தவர்களும் ஜெர்மன் ஒலியில் பார்த்தவர்களும் ஒரே வசனத்தை வேறு வேறு சொற்களில் மேற்கோள் காட்டி வீணாக வாதிட்ட நேரம் கொஞ்சமல்ல. வாயசைவுக்கேற்பச் சொல்லை மாற்றும் டப்பிங்கை வைத்துக் கால விதியை நிறுவப் பார்ப்பது, ஒட்டுக்கேட்ட பேச்சை வைத்துப் பத்திரம் எழுதுவது போன்றது.

தொடர் முடியும்வரை யாரும் எதையும் ‘பிழை’ என்று மையால் எழுதக் கூடாது என்பதையும் சேர்த்திருக்கிறோம். இப்போது பார்த்துவரும் தொடருக்கான நோட்டில் 9 ஐயங்கள் பென்சிலில் இருக்கின்றன. பழைய சார்ட் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. அதில் 2052 என்ற கோட்டுக்கு அருகே பாய் சிறிய எழுத்தில், ‘ரம்ஜான், மே முதல் வாரம் ஆகலாம்’ என்று எழுதி, இளைய மாணவரிடம் பென்சிலைக் கொடுத்து வைத்திருக்கிறார்.